மாறிலியின் பாரம்

தமிழ்நாட்டுப் பாடநூலில் எட்டாம் வகுப்பில் ஒரு மாறியில் அமைந்த நேரிய சமன்பாடு வருகிறது. ஒன்பதாம் வகுப்பில் மாறிகள் இரண்டாகின்றன, பத்தாம் வகுப்பில் மூன்று. பிரதியிடல் முறை, நீக்கல் முறை, குறுக்குப் பெருக்கல் முறை, வரைபட முறை என்று ஒவ்வொன்றையும் ஆசிரியர் கரும்பலகையில் போட்டுக் காட்டுகிறார். ஐந்து பேனாவும் மூன்று நோட்டும் சேர்ந்து இவ்வளவு ரூபாய், தந்தையின் வயது மகன் வயதைப்போல மூன்று மடங்கு என்ற கணக்குகளைப் பிள்ளைகள் செய்கிறார்கள், மதிப்பெண் வாங்குகிறார்கள், மறந்துபோகிறார்கள். அதே வாரத்தில் வீட்டில் அம்மா மளிகைக்கடை நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, இந்த மாதம் எங்கே துண்டு விழுந்தது என்று விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருப்பார். வகுப்பில் நடந்ததும் அடுக்களையில் நடப்பதும் ஒரே கணக்கு என்று அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்வதில்லை. இது எனக்கு நெடுநாளாக உறுத்திக்கொண்டிருக்கும் குறை.

பள்ளிக்கூடம் தெரியாத எண்ணைத் தேடச் சொல்லிக்கொடுக்கிறது. குடும்பத்துக்கு அதைவிட அவசரமானது, செலவில் எது நம் கைக்கு அடங்கும், எது அடங்காது என்று பிரித்துப் பார்ப்பது. நேரிய சமன்பாட்டின் வடிவத்திலேயே அந்தப் பிரிவினை இருக்கிறது. நாம் செய்வதைப் பொறுத்து ஏறி இறங்கும் பகுதி ஒன்று. நாம் என்ன செய்தாலும் அசையாமல் நிற்கும் பகுதி இன்னொன்று. பாடநூல் பின்னதை மாறிலி என்கிறது. தேர்வில் மாறிலியைப் பற்றி யாரும் கேள்வி கேட்பதில்லை, அது கணக்கிலேயே கொடுக்கப்பட்டுவிடுகிறது. ஆனால் குடும்பங்களை அழுத்துவது பெரும்பாலும் அந்தக் கொடுக்கப்பட்ட எண்தான்.

ஆட்டோக் கட்டணம் இதற்கு நல்ல தொடக்கம். 2013 ஆகஸ்டில் தமிழக அரசு சென்னை ஆட்டோக்களுக்கு நிர்ணயித்த கட்டணம், முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 12 ரூபாய். தெருவில் அந்த மீட்டர் எந்த அளவுக்கு ஓடியது என்பது வேறு கதை. கணக்கு மட்டும் தெளிவானது: 25 + 12 × (தூரம் − 1.8). ஐந்து கிலோமீட்டர் போனால் 63 ரூபாய் 40 காசு. பத்து கிலோமீட்டர் போனால் 123 ரூபாய் 40 காசு. தூரம் இரட்டித்தது, கட்டணம் இரட்டிக்கவில்லை. தொடக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் அந்த 25 ரூபாய்தான் காரணம். ஏறி உட்கார்ந்ததுமே அது நம் பெயரில் எழுதப்பட்டுவிடுகிறது.

குடும்பச் செலவுக்கும் இதே உருவம்தான். ஆனால் குடும்பத்தில் யாரும் விகிதப் பட்டியல் ஒட்டி வைப்பதில்லை என்பதால், மாறிலி எது, மாறுவது எது என்று நாமேதான் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு இரண்டு மாதக் கணக்கு போதும். ஓர் உதாரணம் சொல்கிறேன். எண்கள் நான் எடுத்துக்கொண்டவை, உங்கள் வீட்டு எண்களைப் போட்டுப் பாருங்கள்.

நான்கு பேர் உள்ள வீட்டில் ஏப்ரல் மாத அடுக்களைச் செலவு 9,200 ரூபாய். மே மாதம் ஊரிலிருந்து மாமியாரும் மாமனாரும் வந்து முழு மாதமும் தங்குகிறார்கள். செலவு 11,600 ஆகிறது. இங்கே நம்மில் பெரும்பாலோர் போடுகிற கணக்கு எது? 9,200-ஐ நான்கால் வகுத்து, தலைக்கு 2,300 என்று வைத்துக்கொள்கிறோம். இரண்டு பேருக்கு 4,600. வந்தவர்களால் இவ்வளவு செலவு என்ற எண்ணம் மனதில் விழுகிறது, ஏதாவது ஒரு பேச்சில் வெளியே வருகிறது. ஆனால் இரண்டு மாதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கழித்துப் பாருங்கள். இரண்டு பேர் கூடியதால் கூடியது 2,400. தலைக்கு 1,200 மட்டுமே. நான்கு பேருக்கு 4,800 போக மீதி 4,400 ரூபாய், நான்கு பேர் சாப்பிட்டாலும் ஆறு பேர் சாப்பிட்டாலும் ஏறத்தாழ அப்படியே நிற்கும் செலவு. கேஸ் சிலிண்டர், மசாலாச் சாமான், விளக்கெண்ணெய், பாத்திரம் தேய்க்கும் சோப்பு, கெட்டுப்போனது, கொட்டிப்போனது எல்லாம் அதில் அடக்கம். அடுக்களைச் செலவு = 4,400 + 1,200 × ஆட்கள். சராசரிக் கணக்கு அந்த முதியவர்கள் தலையில் ஏற்றி வைத்த 2,200 ரூபாய் அவர்களுடையதே அல்ல. அது அந்த வீட்டில் அடுப்பு எரிவதற்கான விலை.

சராசரி போட்டுப் பேசுவதால் எத்தனை வீடுகளில் மனக்கசப்பு வளர்ந்திருக்கிறது என்று நினைத்துப் பார்க்கிறேன். கூட்டுக்குடும்பத்தில் அண்ணன் வீட்டுப் பங்கு, தம்பி வீட்டுப் பங்கு என்று பிரிக்கும்போதும் இதே தவறு நடக்கிறது. பிரிந்து தனி அடுப்பு வைத்த பிறகு, இருவருக்குமே செலவு கூடிவிட்டதைப் பார்த்துத் திகைக்கிறார்கள். தலைக்கான செலவு இரண்டாகப் பிரிந்தது. மாறிலி பிரியவில்லை, இரண்டு வீட்டிலும் முழுசாக வந்து உட்கார்ந்துகொண்டது.

இந்த முறையில் ஓர் எச்சரிக்கை உண்டு. எந்த இரண்டு புள்ளிகளை எடுத்தாலும் அவற்றின் வழியே ஒரு நேர்கோடு போகும். ஆகவே இரண்டு மாதம் கோட்டைத் தரும், மூன்றாவது மாதம்தான் அதைச் சோதிக்கும். ஜூனில் மகள் விடுதிக்குப் போய்விட்டால் மூன்று பேருக்கு 8,000 ரூபாய் ஆக வேண்டும். 8,500 ஆகியிருந்தால் வேறு ஏதோ நகர்ந்திருக்கிறது. தக்காளி விலையாக இருக்கலாம், பால் விலையாக இருக்கலாம். எதிர்பார்த்த எண்ணுக்கும் நடந்த எண்ணுக்கும் உள்ள அந்த 500 ரூபாய் இடைவெளியில் கவனம் செலுத்தினால் போதும். மொத்தக் கணக்கையும் திரும்பத் திரும்பக் கூட்டி அயர்ந்துபோக வேண்டியதில்லை.

இப்போது வீட்டின் முழுக் கணக்குக்கு வருவோம். மாத வருமானம் 28,000 ரூபாய். வாடகை 8,000, பள்ளிக் கட்டணத்தை மாதத்துக்குப் பிரித்தால் 3,500, வண்டித் தவணை 3,200, நகைக் கடனுக்கு வட்டி 1,500, சீட்டு 2,000, போனும் கேபிளும் 800. கூட்டினால் 19,000. மீதி 9,000. அடுக்களைக்கு வேண்டியது 9,200. துண்டு விழுவது 200 ரூபாய்.

அந்த 200 ரூபாய்ச் சண்டை எங்கே நடக்கும்? அடுக்களையில்தான் நடக்கும். எண்ணெயை அளந்து ஊற்றக்கூடாதா, இத்தனை காபிப்பொடியா, சிலிண்டர் முப்பது நாள்கூட வரவில்லையா என்று கேள்விகள் அங்கேதான் போகும். வீட்டை நடத்தும் பெண்ணின் கைக்கு உண்மையில் அடங்குவது தலைக்கு 1,200 என்ற அந்த 4,800 மட்டுமே. அதில் பத்தில் ஒரு பங்கைக் குறைப்பதற்கே குழந்தையின் பாலையும் தன் தட்டையும் அவள் தொட வேண்டும். அப்படித் தொட்டாலும் மிச்சம் 480 ரூபாய். வண்டித் தவணை 3,200 ரூபாயோ ஒரே நாளில், ஒரே கையெழுத்தில் முடிவானது. நகை அடகுக்குப் போனதும் ஒரு சாயங்காலப் பேச்சில்தான். அந்த முடிவுகளை எடுக்கும்போது எத்தனை வீடுகளில் அடுக்களையின் கணக்கு கேட்கப்படுகிறது? சிக்கனம் என்றால் நாம் அன்றாடம் கிள்ளிக் கிள்ளிச் சேமிப்பதையே நினைக்கிறோம். வீட்டை மூழ்கடிப்பது எப்போதோ ஒருமுறை எடுத்து, பிறகு மாதாமாதம் மாறாமல் வந்து நிற்கும் முடிவு. சமன்பாடாக எழுதியதும் இது கண்ணுக்குத் தெரிகிறது. எழுதாதவரை, பழி அருகில் இருப்பவர் மேல் விழுகிறது.

இப்படிக் கணக்குப் பார்ப்பது நம் நிலத்துக்குப் புதிதல்ல. கி.பி. 499-இல் எழுதப்பட்டதாகக் கொள்ளப்படும் ஆரியபட்டீயத்தின் கணிதப் பகுதியில் ஒரு விதி இருக்கிறது. இரண்டு பேரின் செல்வம் சமம். இருவரிடமும் ஒரே வகைப் பொருள் வெவ்வேறு எண்ணிக்கையில் இருக்கிறது, ரொக்கமும் வெவ்வேறு அளவில் இருக்கிறது. பொருளின் விலை என்ன? ரொக்கத்தின் வித்தியாசத்தைப் பொருள்களின் வித்தியாசத்தால் வகுக்கச் சொல்கிறார் ஆரியபட்டர். ஒருவரிடம் 6 பொருளும் 100 காசும், மற்றவரிடம் 10 பொருளும் 60 காசும் இருந்தால், 40-ஐ 4-ஆல் வகுத்துப் பொருளின் விலை 10 காசு. முடிந்தது.

ஒன்பதாம் நூற்றாண்டில் ராஷ்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில் வாழ்ந்த மகாவீரர் எழுதிய கணித சார சங்கிரகத்தில் சந்தைக் கணக்குகள் நிறைய. அவற்றில் ஒன்றை நான் எப்போதும் ரசிப்பேன். 9 நார்த்தங்காயும் 7 விளாம்பழமும் 107 காசு. 7 நார்த்தங்காயும் 9 விளாம்பழமும் 101 காசு. இரண்டு வரிகளையும் கூட்டினால் 16 நார்த்தங்காய், 16 விளாம்பழம், 208 காசு. ஆக ஒரு ஜோடி 13. கழித்தால் இரண்டு நார்த்தங்காய்க்கும் இரண்டு விளாம்பழத்துக்கும் உள்ள வித்தியாசம் 6; ஆக ஒன்றுக்கு 3. நார்த்தங்காய் 8 காசு, விளாம்பழம் 5 காசு. குறுக்குப் பெருக்கலும் வேண்டாம், தாளும் வேண்டாம். இந்த நூலை ஆங்கில மொழிபெயர்ப்போடு பதிப்பித்தவர் சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் மு. ரங்காசாரியார், 1912-இல் சென்னை அரசு அச்சகம் வெளியிட்டது. தமிழிலும் காரி நாயனாரின் கணக்கதிகாரம் நெல்லையும் பொன்னையும் நிலத்தையும் வைத்தே கணிதம் பேசுகிறது. கணக்கும் சந்தையும் நம்மிடம் ஒன்றாகவே இருந்தன. பிரித்தது தேர்வு.

ஆரியபட்டரின் விதியை இன்றைக்கு வாடகை வீடு தேடும் ஒருவர் கையில் கொடுத்துப் பார்ப்போம். வேலைக்கு அருகில் உள்ள வீட்டுக்கு வாடகை 9,000, போக்குவரத்து நாளுக்கு 20 ரூபாய். ஊருக்கு வெளியே உள்ள வீட்டுக்கு வாடகை 6,500, போக்குவரத்து நாளுக்கு 120. வாடகை வித்தியாசம் 2,500. அன்றாடச் செலவின் வித்தியாசம் 100. வகுத்தால் 25. மாதத்தில் 25 நாள் வேலைக்குப் போனால் இரண்டு வீடும் சமம். அதற்கு மேல் போனால் அருகில் உள்ள வீடே மலிவு. வீட்டுத் தரகரின் பேச்சும் உறவினரின் ஆலோசனையும் தராத தெளிவை ஒரு வகுத்தல் தந்துவிடுகிறது. ஆனால் ஊருக்கு வெளியே உள்ள வீட்டிலிருந்து தினமும் இரண்டு மணி நேரம் பேருந்தில் நிற்பவர், பிள்ளை தூங்கிய பிறகே வீடு சேர்கிறார். அது இந்தச் சமன்பாட்டில் இல்லை. அதைக் குறையாக நான் சொல்லவில்லை. பணத்தில் இரண்டும் சமம் என்று தெரிந்துவிட்டால், மீதி முடிவைப் பிள்ளையின் முகத்தை வைத்து எடுக்கலாம் அல்லவா? கணக்கு தெளிந்த இடத்தில்தான் மற்றவற்றுக்கு இடம் கிடைக்கிறது.

மாறிலியின் உண்மையான கொடுமையைப் பார்க்க நடுத்தர வர்க்கத்து வீட்டிலிருந்து இறங்கித் தெருவுக்கு வர வேண்டும். பூ விற்கும் அம்மாவை எடுத்துக்கொள்வோம். சென்னையில் தண்டல் என்று ஒரு கடன் இருக்கிறது. பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு, 1,500 ரூபாயை முதலிலேயே பிடித்துக்கொண்டு, 8,500 கையில் தருவார்கள். நாளுக்கு 100 ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். ஆயிரத்தைந்நூறுதானே வட்டி, பதினைந்து விழுக்காடுதானே என்று தோன்றும். ஆனால் வாங்கிய மறுநாளிலிருந்தே கடன் தேய்ந்துகொண்டு வருகிறது. நூறு நாளும் அவர் கையில் 8,500 இருப்பதில்லை. நேர்கோடாகக் குறைந்து பூஜ்யத்துக்கு வரும் தொகையின் சராசரி அதில் பாதி, 4,250. அந்த 4,250 ரூபாயை நூறு நாள் வைத்துக்கொள்ள அவர் கொடுக்கும் விலை 1,500. நூறு நாளுக்கு முப்பத்தைந்து விழுக்காடு. ஆண்டுக்கு நூறு விழுக்காட்டைத் தாண்டும். கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. சட்டம் இருக்கிறது, காலையில் வசூலுக்கு வருகிற பைக்கும் இருக்கிறது.

இனி அவருடைய ஒரு நாள். பூவின் கொள்முதல் விலை, நார் எல்லாம் போக முழத்துக்கு 8 ரூபாய் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். தண்டலுக்கு 100, பேருந்துக்கு 30, டீயும் ஒருவேளைச் சாப்பாடும் 30. அன்றைய மாறிலி 160. எட்டால் வகுத்தால் 20. முதல் இருபது முழம் அவருக்காக அவர் விற்பதல்ல. இருபத்தொன்றாவது முழத்தில்தான் அவருடைய வீட்டுக்கான சம்பாத்தியம் தொடங்குகிறது. வீட்டுக்கு 240 ரூபாய் கொண்டுபோக வேண்டுமென்றால் ஐம்பது முழம் விற்க வேண்டும். மழை பெய்த நாளில் பதினைந்து முழம்தான் போகிறது. வருமானம் 120, மாறிலி 160. நாற்பது ரூபாய்க் குறை. பூ மறுநாளுக்குத் தாங்காது, வாடிய பூவின் கொள்முதல் நஷ்டம் தனி. ஆகவே நாளைய கொள்முதலுக்கு வைத்திருந்த பணத்திலிருந்து தண்டல் கட்டப்படுகிறது. நாளை அவர் வாங்கும் பூ குறைகிறது, ஐம்பது முழம் கட்டவே முடியாமல் போகிறது. இப்படி இரண்டு மழை நாள் வந்தால் இரண்டாவது தண்டல் வாங்குகிறார். மாறிலி 260 ஆகிறது. முதல் முப்பத்திரண்டு முழமும் அடுத்தவருக்கு.

இந்தப் பெண்மணியிடம் உழைப்பைப் பற்றியோ சேமிப்பைப் பற்றியோ யாராவது உபதேசம் செய்தால் எனக்குக் கோபம் வருகிறது. அவர் உழைப்பு அந்த எட்டு ரூபாயில் இருக்கிறது, அதில் ஒரு குறையும் இல்லை. எந்தப் பூவை எந்தக் கோயில் வாசலில் எப்போது வைத்தால் விற்கும் என்பதை அவரைவிட யாரும் அறியமாட்டார்கள். அவரைக் கவிழ்ப்பது முன்னாலேயே எழுதப்பட்டுவிட்ட 100.

எனவே அவருக்கு உதவ நினைப்பவர்கள் கை வைக்க வேண்டிய இடம் மாறிலி. 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று ஆனபோது, மேலே சொன்ன கணக்கிலிருந்து 30 ரூபாய் கழிந்தது. அது நாளுக்கு ஏறத்தாழ நான்கு முழம். மழை நாளிலும் கழிகிறது, வெயில் நாளிலும் கழிகிறது, விற்றாலும் விற்காவிட்டாலும் கழிகிறது. இந்தத் திட்டத்தால் பெண்கள் மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சப்படுத்துவதாக மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. இதை இலவசம் என்று இளக்காரமாகப் பேசுகிறவர்கள் ஒரு முறையாவது இந்தச் சமன்பாட்டை எழுதிப் பார்த்திருப்பார்களா என்று தெரியவில்லை. 1989-இல் தர்மபுரி மாவட்டத்தில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்களின் பொருளும் இதுவே. அதே பத்தாயிரம் ரூபாய் ஆண்டுக்குப் பன்னிரண்டு விழுக்காட்டில், ஓராண்டுத் தவணையில் கிடைத்தால் நாளுக்குச் சுமார் 30 ரூபாய் எடுத்துவைத்தால் போதும். கையில் வருவதும் முழுப் பத்தாயிரம். இருபது முழத்தில் கடந்த எல்லையை இப்போது எட்டாவது முழத்தில் கடந்துவிடலாம், பேருந்தையும் கழித்துவிட்டால். அதே பெண், அதே பூ, அதே எட்டு ரூபாய்.

பொருளாதாரம் படித்தவர்களுக்கு இது பழைய செய்தி. பொருளாதார அறிஞர் கெயின்ஸ் 1936-இல் எழுதிய நூலுக்குப் பிறகு, நுகர்வை வருமானத்தோடு இணைக்கும் நேர்கோடு பாடப்புத்தகங்களில் நிலைத்துவிட்டது. அந்தக் கோடு பூஜ்யத்தில் தொடங்குவதில்லை. வருமானமே இல்லாத இடத்திலும் ஒரு செலவு நிற்கிறது, ஏனென்றால் வருமானம் இல்லாத அன்றும் வயிறு இருக்கிறது. வரைபடத்தில் அது ஒரு சிறிய வெட்டுத்துண்டு. 2020 மார்ச் 25-ஆம் தேதி நாடு முடக்கப்பட்டபோது, கோடிக்கணக்கான வீடுகள் ஒரே இரவில் அந்த வெட்டுத்துண்டில் போய் நின்றன. வருமானம் பூஜ்யம். வாடகை அப்படியே. ரிசர்வ் வங்கி கடன் தவணைகளைத் தள்ளிவைக்க வழிசெய்தது, ஆனால் தள்ளிவைத்த மாதங்களுக்கும் வட்டி ஓடிக்கொண்டேயிருந்தது. அந்த மாதங்களில் எவர் வீடு தப்பியது, எவர் வீட்டு நகை போனது என்பதைத் தீர்மானித்தது திறமையோ ஒழுக்கமோ அல்ல. யாருடைய மாறிலி எவ்வளவு என்பதே.

நேர்கோடு எல்லா இடத்திலும் நேராக இருப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மின்கட்டணம் அப்படி. 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த விகிதத்தில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் பயன்படுத்திய வீட்டுக்கு 1,725 ரூபாய். 501 யூனிட் ஆனால் 1,958. கடைசி ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய். 500-ஐத் தாண்டினால் கீழ்ப்படியில் கிடைத்த சலுகையும் போய்விடுவதால் கோடு அங்கே உடைந்து மேலே குதிக்கிறது. பின்னர் விகிதங்கள் மேலும் ஏறின. சலுகைகளை இப்படிப் படிக்கட்டாக அமைக்கும் இடங்களில், எந்தப் படியின் விளிம்பில் நிற்கிறோம் என்று தெரிந்துவைத்திருப்பது மாதம் முழுக்க விளக்கை அணைத்து அணைத்துச் சேமிப்பதைவிடப் பயன் தரும்.

இந்த நேரிய சமன்பாட்டுக் கணக்கை எல்லை வரை கொண்டுபோனவர்களும் உண்டு. அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் ஸ்டிக்லர் 1945-இல் ஒரு கேள்வி எழுப்பினார். ஒரு மனிதனுக்கு வேண்டிய ஒன்பது சத்துகளும் கிடைக்கும்படி, 77 உணவுப் பொருள்களிலிருந்து தேர்ந்தெடுத்தால், மிக மலிவான உணவுக்கு ஓர் ஆண்டில் எவ்வளவு செலவாகும்? 1939-ஆம் ஆண்டு விலையில் 39 டாலர் 93 சென்ட் என்று தோராயமாகக் கண்டார். கோதுமை மாவு, சுண்டவைத்த பால், முட்டைக்கோஸ், கீரை, உலர்ந்த பீன்ஸ், அவ்வளவுதான். இரண்டு ஆண்டுகள் கழித்து, இத்தகைய கணக்குகளுக்குக் கணித அறிஞர் ஜார்ஜ் டான்ட்சிக் அப்போது கண்டுபிடித்திருந்த புதிய முறையைச் சோதிக்க இந்தக் கணக்கையே எடுத்தார்கள். கைக் கணிப்பொறிகளுடன் ஒன்பது எழுத்தர்கள் உட்கார்ந்து 120 ஆள்நாள் வேலை செய்து கண்ட விடை 39 டாலர் 69 சென்ட். ஸ்டிக்லரின் ஊகம் 24 சென்ட் மட்டுமே தள்ளியிருந்தது. பின்னாளில் டான்ட்சிக் தன் சொந்த உணவுக்கே இந்த முறையைப் பயன்படுத்திப் பார்த்தபோது, கணினி 500 காலன் வினிகர் குடிக்கச் சொன்னது. வினிகரை விலக்கிய பிறகு, நாளுக்கு 200 சூப்புக் கட்டிகள் சாப்பிடச் சொன்னது. சமன்பாடு பிழை செய்யவில்லை. மனிதனுக்கு எது சாப்பாடு என்று யாரும் அதற்குள் எழுதவில்லை.

நம் நாட்டிலும் இது நடந்தது, விளையாட்டாக அல்ல. திட்டக் குழு அமைத்த நிபுணர் குழு 1979-இல் கிராமத்தில் ஒருவருக்கு நாளுக்கு 2,400 கலோரி, நகரத்தில் 2,100 கலோரி என்று அடிப்படை வைத்து, 1973-74 விலையில் மாதத்துக்கு முறையே 49 ரூபாய் 9 காசு, 56 ரூபாய் 64 காசு என்று வறுமைக் கோட்டை வகுத்தது. கலோரி உள்ளே வந்தது. பள்ளிக் கட்டணமும் மருத்துவச் செலவும் பெருகியபோது அவற்றுக்கு அந்தக் கோட்டில் போதிய இடமில்லை. எதை மாறிலியாக ஏற்பது, எதை விட்டுவிடுவது என்பது கணிதம் தீர்மானிக்கும் விஷயமல்ல. பேனா யார் கையில் இருக்கிறதோ அவர் தீர்மானிக்கிறார். நாட்டின் கணக்குக்கு இது எவ்வளவு உண்மையோ, வீட்டின் கணக்குக்கும் அவ்வளவு உண்மை. அம்மாவின் மூட்டுவலி மாத்திரை சில வீட்டுக் கணக்கில் மாறாச் செலவாக இருக்கிறது, சில வீடுகளில் மிச்சமிருந்தால் வாங்குவதாக இருக்கிறது. அந்த ஒரு வரி எந்தப் பக்கம் எழுதப்பட்டிருக்கிறது என்று பார்த்தால், அந்த வீடு எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும்.

கணித ஆசிரியர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. ஒன்பதாம் வகுப்பில் இந்தப் பாடத்துக்கு வரும்போது பேனாவையும் நோட்டையும் ஒரு நாள் ஒதுக்கிவிட்டு, பூக்காரரின் ஒரு நாளையும் ஆட்டோக்காரரின் ஒரு நாளையும் பிள்ளைகளைச் சமன்பாடாக எழுதச் சொல்லுங்கள். அவரவர் வீட்டுக் கணக்கைக் கேட்காதீர்கள். வறுமையை வகுப்பில் எழுந்து நின்று சொல்லும்படி எந்தப் பிள்ளைக்கும் நேரக்கூடாது. பாடம் புரிந்த பிள்ளை வீட்டுக் கணக்கைத் தானே போய்ப் பார்த்துக்கொள்ளும்.

குடும்பம் நடத்துகிறவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். அடுத்த மாதம் சம்பளம் வந்ததும் நோட்டின் இடது பக்கத்தில் மாறாச் செலவுகளை மட்டும் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அது எந்த ஆண்டு தொடங்கியது, என்று முடியும், யார் முடிவெடுத்தது என்றும் எழுதுங்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து எழுதுங்கள். அடுக்களைச் செலவைப் பற்றிப் பேசுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.